யாரும் படிக்காத அந்தப் பத்தி

"வழக்கு மூலமானது, மேற்படி ஒப்பந்தம் ஏற்பட்ட தேதியிலும், பிரதிவாதி கிரயம் செய்து தர மறுத்த தேதியிலும், இந்நீதிமன்ற ஆளுகை எல்லைக்குட்பட்ட இடத்தில் எழுந்தது."

இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை டைப் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. 1994-ல் பழனியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அப்போது தமிழ் டைப்ரைட்டர், கார்பன் தாள், பச்சை நிற லெட்ஜர் பேப்பர். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இப்போது கோர்ட்டுக்கே போகாமல் ஆன்லைனில் தாக்கல் செய்கிறோம். நானும் டைப்பிஸ்ட்டிலிருந்து குமாஸ்தா ஆகிவிட்டேன். வழக்கு எதனால் எழுந்தது, ஏன் இந்த ஊர்க் கோர்ட் என்று சொல்லும் அந்தப் பத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. வழக்கு மனுவில், அதாவது பிராதில், சொத்து விவரத்துக்கும் கேட்கும் பரிகாரத்துக்கும் சற்று முன்னால் வரும். கட்சிக்காரர்கள் பிராதைப் படித்துப் பார்க்கும்போது தங்கள் பெயரைப் பார்ப்பார்கள், எதிராளி செய்த அநியாயத்தை விரிவாக எழுதியிருக்கிறோமா என்று பார்ப்பார்கள், இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தப் பத்தி தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு பெரியவர் எனக்குக் காட்டிக்கொடுத்தார். அதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2016 கார்த்திகை மாதம். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்த சமயம். சிங்காநல்லூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாக பஸ் பிடித்து, மஞ்சப்பையோடு ஒரு பெரியவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அம்மிணி, நான் தோத்துப் போயிட்டனா இல்லையா? அதை மட்டும் சொல்லிப்போடு. அங்க கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

கட்டைப் பிரித்தேன். கோவையில் 2011 மார்ச்சில் தாக்கல் செய்த பிராது. அதன் பின்பக்கத்தில் நீதிபதி கையால் சில வரிகள் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோர்ட் முத்திரை வைத்திருந்தது. பிராது தாக்கல் செய்த தேதி, திருப்பிக் கொடுத்த தேதி, தாக்கல் செய்தவர் பெயர், திருப்பியதற்கான காரணம். இந்த நான்கும் எழுத வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 7 விதி 10 சொல்கிறது. காரணம் ஒரே வரிதான்: சொத்து இந்நீதிமன்ற எல்லைக்குள் இல்லை, உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்துகொள்ள வேண்டியது.

அவர் தோற்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை. ஐந்தரை வருஷத்துக்குப் பிறகு, வழக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்பதுதான் அந்த வரியின் அர்த்தம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சார் வரட்டுங்க, உக்காருங்க" என்று சொல்லி டீ வாங்கி வரச் சொன்னேன்.

நடந்தது இதுதான். 2009-ல், செட்டில்மென்ட் பணம் கையில் வந்ததும், நெய்க்காரப்பட்டிக்குப் பக்கத்தில் 40 சென்ட் நிலம் வாங்க ஒப்பந்தம் போட்டார். விலை ஆறு லட்சம். நான்கு லட்சம் முன்பணம். நிலத்தை விற்றவரும் கோவைக்காரர்தான். ஒப்பந்தம் எழுதியது கோவையில், 20 ரூபாய் முத்திரைத்தாளில். பணம் கொடுத்தது கோவையில். சாட்சிகள் இரண்டு பேரும் கோவை. ஒப்பந்தத்தின் கடைசியில், "இது சம்பந்தமான எல்லா வழக்குகளும் கோவை நீதிமன்ற எல்லைக்குட்பட்டது" என்று ஒரு வரி. மீதி இரண்டு லட்சத்தைத் தருகிறேன், கிரயம் செய்து கொடுங்கள் என்றபோது விற்றவர் இழுத்தடித்தார். விலை ஏறிவிட்டது. பெரியவர் ஒரு வக்கீலிடம் போனார். எல்லாமே கோவையில் நடந்திருக்கிறதே, ஒப்பந்தத்திலும் கோவை என்றுதானே இருக்கிறது என்று அங்கேயே வழக்குப் போட்டார்கள். கிரயப் பத்திரம் எழுதித் தர வேண்டும், நிலத்தின் சுவாதீனத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

நிலத்தை நம் கைக்குக் கொண்டுவரக் கேட்கும் அந்த "சுவாதீனம்" என்ற ஒரு வார்த்தைதான் வழக்கைப் பழனிக்கு இழுத்தது.

அசையாச் சொத்தைப் பற்றிய வழக்கு, அந்தச் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான். இது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 16. சுவாதீனம், பாகப்பிரிவினை, அடமானம், உரிமை விளம்புகை (சொத்து யாருடையது என்று கோர்ட் அறிவிப்பது) எல்லாம் இதற்குள் வரும். ஏன் இப்படி வைத்தார்கள் என்று எங்கள் வக்கீல் சார் அன்றைக்கு அந்தப் பெரியவருக்குச் சொன்ன விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "ஐயா, தீர்ப்பு வந்து நாளைக்கு நிலத்தை உங்களுக்கு எடுத்துக் கொடுக்கணும்னா அமீனா போகணும். அளக்க சர்வேயர் போகணும். பட்டா, சிட்டா இங்க தாலுகா ஆபீஸ்ல இருக்கு. கிராமத்து வி.ஏ.ஓ. வந்து சாட்சி சொல்லணும். பத்திரம் பதியறது இந்த ஊர் சார்பதிவாளர். கோயம்புத்தூர் கோர்ட் அமீனா நெய்க்காரப்பட்டிக்கு வந்து வேலியைப் பிடுங்க முடியுமா?"

பெரியவர் விடவில்லை. "ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தானுங்களே கோயம்புத்தூர்னு எழுதினோம்?"

நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்தால், இரண்டில் ஒன்று போதும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அதிகாரமே இல்லாத கோர்ட்டுக்கு நாமாக அதிகாரம் கொடுக்க முடியாது. 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் அச்சு அசல் இதே போல் ஒரு வழக்கு முடிந்திருக்கிறது. மனை குர்கானில். ஒப்பந்தம் டெல்லியில், பணம் கொடுத்தது டெல்லியில், விற்ற நிறுவனத்தின் தலைமை அலுவலகம் டெல்லியில், டெல்லி நீதிமன்றம்தான் என்று ஒப்பந்தத்தில் எழுத்தும் இருந்தது. டெல்லியில் போட்ட வழக்கு செல்லாது, குர்கானுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கட்சிக்காரர்களின் சம்மதம் அதிகாரத்தை உண்டாக்காது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரியவர் நிலத்தை விட்டுவிட்டு, கொடுத்த நான்கு லட்சத்தை வட்டியோடு திருப்பிக் கேட்டிருந்தால் கோவையே சரியான இடம். பத்திரம் மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால்கூட வாதிட இடம் இருக்கிறது. ஏனென்றால் பிரதிவாதி நேரில் வந்து கையெழுத்துப் போட்டாலே நிறைவேறிவிடும் பரிகாரத்துக்குப் பிரிவு 16 ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நிலத்தையும் கையில் கொடு என்று கேட்டதும் அந்த வாசல் மூடிவிட்டது. எந்த ஊரில் போடுவது என்பதை, நடந்த சம்பவம் பாதி தீர்மானிக்கும். நாம் என்ன கேட்கிறோம் என்பது மீதியைத் தீர்மானிக்கும்.

சொத்து இரண்டு ஊரில் இருந்தால்? உடுமலையில் ஒரு வீடு, பழனியில் ஒரு தோட்டம், அக்கா தங்கைகளுக்குள் பாகம் பிரிக்க வேண்டும். அப்போது பிரிவு 17 வருகிறது. இரண்டில் எந்த ஊரில் வேண்டுமானாலும் இரண்டு சொத்துக்கும் சேர்த்து ஒரே வழக்காகப் போடலாம்.

பெரியவரின் எதிராளி, 2011-லேயே, பிராதுக்குப் பதில் சொல்லும் எதிர்வுரையில் இந்த ஆட்சேபணையை எழுப்பியிருந்தார். இதை ஆரம்பத்திலேயே எழுப்ப வேண்டும் என்று பிரிவு 21 சொல்கிறது. கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை, அதாவது வழக்கெழு வினாக்களை, வனைவதற்கு முன்னால், முதல் கோர்ட்டிலேயே. ஊர் எல்லை பற்றிய ஆட்சேபணையைச் சும்மா வைத்திருந்து, தீர்ப்பு எதிராக வந்த பிறகு அப்பீலில் போய் எடுப்பதைச் சட்டம் லேசில் அனுமதிக்காது. அவர் சரியாகத்தான் எழுப்பினார். ஆனால் அதை முதலில் முடிவு செய்யாமல், மற்ற வினாக்களோடு சேர்த்துக் கடைசிக்கு வைத்துவிட்டார்கள். பெரியவர் 2015-ல் கூண்டேறிச் சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணையும் முடிந்து, வாதமும் முடிந்த பிறகு பிராது திரும்பியது.

திரும்பிய பிராதை உரிய கோர்ட்டில் போட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராது. முதலிலிருந்துதான். மறுபடி சம்மன், மறுபடி எதிர்வுரை, மறுபடி சாட்சி. 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதையே உறுதி செய்தது. ஒரே ஆறுதல் காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 14. நல்லெண்ணத்தோடு, முயற்சியோடு தவறான கோர்ட்டில் செலவழித்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும் வழக்குக்கு மூன்று வருஷம்தான் கெடு. பெரியவர் கோவையில் இருந்த ஐந்தரை வருஷத்தைக் கழித்தால் கெடு தாண்டவில்லை. ஆனாலும் சார் ஒரு வாரத்துக்குமேல் காத்திருக்கவில்லை. "கழிச்சுக்கலாம்னு சட்டம் சொல்லுது. அதை நம்பி ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது" என்றார். அன்று ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்து அடித்துக்கொடுத்தேன். அந்தப் பத்தியை அடிக்கும்போது, வழக்குச் சொத்தைக் குறிக்கும் "தாவா சொத்து அமைந்துள்ள" என்ற வார்த்தைகளை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஊர் தெரிந்தாலும், அந்த ஊரில் எந்தக் கோர்ட் என்று ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் பக்கம் மாவட்ட முன்சீப், அதற்கு மேல் சார்பு நீதிமன்றம், அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம். தாவாவின் மதிப்பைப் பொறுத்து எங்கே என்பது முடிவாகும். அந்தத் தொகை வரம்பை அரசு அவ்வப்போது உயர்த்துகிறது. அதிகாரம் உள்ள கோர்ட்டுகளில் மிகக் கீழே இருப்பதில்தான் போட வேண்டும் என்பது பிரிவு 15. பெரியவரின் ஆறு லட்சத்துக்கு அன்றைய கணக்கில் சார்பு நீதிமன்றம். மதிப்பைக் குறைத்துக் காட்டிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்பவர்கள் வருவார்கள். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாய். ஆறு லட்சத்துக்கு 45,000 ரூபாய். ஏழைகளுக்குப் பெரிய சுமை. 2017-ல் அதை மூன்றாகக் குறைத்தார்கள், அது நல்ல காரியம். குறைத்துக் காட்டினால் எதிர்த்தரப்பு விடாது. அதற்கே ஒரு மனு, ஒரு விசாரணை, ஒரு வருஷம்.

அப்புறம், இது சிவில் கோர்ட்டுக்குப் போகிற விஷயம்தானா என்பதையும் பார்க்க வேண்டும். பிரிவு 9 தாராளமானது. உரிமை சம்பந்தப்பட்ட எந்த வழக்கையும் சிவில் கோர்ட் விசாரிக்கலாம், வேறொரு சட்டம் தடுத்திருந்தால் ஒழிய. அந்தத் தடைகள்தான் இப்போது அதிகம். வங்கி வீட்டின் மேல் ஏல நோட்டீஸ் ஒட்டியதும் தடை உத்தரவு வாங்கித் தாருங்கள் என்று முன்சீப் கோர்ட் வாசலுக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி ஏலம் விட வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் எடுத்த நடவடிக்கையில் சிவில் கோர்ட் தலையிட முடியாது. கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், அதற்கு 45 நாள்தான் கெடு. இங்கே அலைந்துகொண்டிருந்தால் அந்த 45 நாள் போய்விடும். வாடகைத் தகராறுக்கு 2017-ஆம் வருஷச் சட்டப்படி தனி வாடகை நீதிமன்றம். பட்டாவில் பெயர் தப்பாக ஏறியிருந்தால் தாசில்தார், அதற்கு மேல் ஆர்.டி.ஓ. என்று போகலாம். ஆனால் நிலம் யாருடையது என்பதே தகராறு என்றால், அதைத் தீர்மானிப்பது சிவில் கோர்ட்தான். பட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு உரிமையை நிலைநாட்ட முடியாது என்பதைக் கட்சிக்காரர்களிடம் மாதத்துக்குப் பத்துப் பேருக்காவது சொல்கிறேன். கடையில் வாங்கிய பொருளில் குறை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி மும்பையில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

நிலம் இல்லாமல் வெறும் பணம் பாக்கி என்றால் கணக்கே வேறு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லோடு அனுப்பும் வியாபாரிகள் எங்களிடம் வருவதுண்டு. லோடு போய்விட்டது, பணம் வரவில்லை, எதிராளி கோழிக்கோட்டில். "அங்க போய்த்தான் கேஸ் போடணுமாங்க?" என்று முகம் வாடிப்போய்க் கேட்பார்கள். வேண்டியதில்லை. பிரிவு 20-ன்படி பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலும் போடலாம். வழக்கு மூலம் முழுதாகவோ ஒரு பகுதியோ எழுந்த ஊரிலும் போடலாம். ஒப்பந்தம் இங்கே பேசி முடிந்தது, சரக்கு இங்கே ஏற்றினோம், பணம் இங்கே வர வேண்டும் என்றால் அந்த "ஒரு பகுதி" நம் ஊரிலேயே இருக்கிறது. அதனால்தான் பில் புத்தகம், லாரி ரசீது, போனில் வந்த செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறேன். கடன் எவ்வளவு என்பதை மட்டும் அவை நிரூபிப்பதில்லை. எந்த ஊரில் வழக்குப் போடலாம் என்பதையும் அவைதான் நிரூபிக்கின்றன.

பில்லின் அடியில் பொடி எழுத்தில் "இன்ன ஊர் நீதிமன்ற எல்லைக்குட்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். நம் சேலத்து வியாபாரி ஒருவர் போட்ட வழக்கில் அந்த வரி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. குஜராத்திலிருந்து ஜரிகை போன்ற உலோக நூல் வாங்கும் ஒப்பந்தம். அதில், தகராறு வந்தால் கைரா நீதிமன்ற எல்லைக்குட்பட்டது என்று இருந்தது. அவர் சேலத்திலேயே நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். சேலம் சார்பு நீதிமன்றம் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. சென்னை உயர் நீதிமன்றம் இருக்கிறது என்றது. 1989-ல் உச்ச நீதிமன்றம் சேலத்துக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. "மட்டும்", "பிரத்யேகமாக" என்பது போன்ற வார்த்தை அந்த வரியில் இல்லை, அதனால் சேலத்தின் அதிகாரம் போய்விடவில்லை என்றார்கள். ரொம்ப நாள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் 2013-ல் கொல்கத்தா, ஜெய்ப்பூர் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில், "மட்டும்" என்ற வார்த்தை இல்லாவிட்டாலும், ஒரு ஊர்ப் பெயரைக் குறிப்பிட்டு எழுதியதே மற்ற ஊர்களை விலக்கத்தான் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சேலத்துத் தீர்ப்பை நம்பி இப்போது யாரும் அந்த வரியை அலட்சியம் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். வேறு மாநிலத்து ஊர் இருந்தால் அடித்துவிட்டு உங்கள் ஊரை எழுதச் சொல்லுங்கள்.

வழக்கு நடக்கும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். பிராது போட்டதும் அது வழக்காகிவிடாது. கோர்ட் ஆபீஸில் சரிபார்ப்பார்கள். கட்டணம் குறைவு, ஆவணப் பட்டியல் இல்லை, செக்குபந்தி (நிலத்தின் நான்கு எல்லை) சரியில்லை என்று குறித்துத் திருப்புவார்கள். அது குறை நிவர்த்திக்காகத் திருப்புவது. பெரியவருக்கு நடந்ததோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சரிசெய்து கொடுத்தால் நம்பர் ஆகும், அ.வ. (அசல் வழக்கு) எண் கிடைக்கும். பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டினால் பிரதிவாதிக்குச் சம்மன் போகும்.

சம்மன் விஷயத்தில்தான் ஜனங்கள் தங்களுக்குத் தாங்களே கெடுதல் செய்துகொள்கிறார்கள். பாலசமுத்திரத்தில் ஒரு அம்மா. 85,000 ரூபாய் கடன் வழக்கு. அமீனா வருகிறார் என்று தெரிந்ததும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, சின்னப் பையனை விட்டு "அம்மா ஊர்ல இல்லை" என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது தடவை வந்தபோது நேரில் பார்த்தும் வாங்க மாட்டேன் என்றிருக்கிறார். அமீனா சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்தோடு அறிக்கை கொடுத்துவிட்டார். வாங்காவிட்டால் வழக்கு நடக்காது என்று அந்த அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாங்க மறுப்பதும், கதவில் ஒட்டுவதும் சட்டப்படி போய்ச் சேர்ந்ததற்குச் சமம். வாய்தா அன்று பெயரைக் கூப்பிட்டார்கள், யாரும் இல்லை, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. அதை நீக்கக் கேட்க 30 நாள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, ஜப்தி நோட்டீஸ் வந்த பிறகு எங்கள் ஆபீஸ் படியேறினார். அந்தக் கடனில் பாதியை அவர் ஏற்கெனவே கட்டியிருந்தார், கையில் ரசீதும் இருந்தது. முதல் வாய்தாவில் அந்த ரசீதோடு வந்திருந்தால் கதை வேறு. அந்தத் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு எழுதியபோது எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தயவுசெய்து சம்மனை வாங்குங்கள். அது உங்களைக் குற்றவாளி என்று சொல்லும் காகிதமல்ல. உங்கள் பக்கத்தைச் சொல்ல வாருங்கள் என்று கூப்பிடும் காகிதம்.

சம்மன் கிடைத்த 30 நாளில் எதிர்வுரை போட வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள்வரை. அந்த 90 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட முடியாதா என்ற கேள்வியையும் சேலம்தான் கேட்டது. சேலம் வழக்கறிஞர் சங்கம் போட்ட வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், அசாதாரணமான காரணம் இருந்தால் நீட்டிக்கலாம், ஆனால் அதையே வழக்கமாக்கக் கூடாது என்றது. அதன் பிறகு வழக்கெழு வினாக்கள், நம் சாட்சி சொல்வதை (முதல் விசாரணை) பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்வது, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு, தீர்ப்பாணை. நடுவில் தடை மனு, கமிஷனர் மனு. இவற்றைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். எதிராளி நமக்குத் தெரியாமல் தடை உத்தரவு வாங்கிவிடுவார் என்று பயமிருந்தால் கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்ற மனு) போட்டு வையுங்கள், அது 90 நாள் தாங்கும். இதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் கதைக்கு வருகிறேன். எதிராளி கோவையிலிருந்து இங்கே வர வேண்டியதாகிவிட்டது. மேலே ஏதாவது போடுவதென்றாலும் கோவை வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும், திண்டுக்கல் மாவட்டத்து வழக்கு மதுரைக் கிளைக்குப் போகும். 2004-லிருந்து அப்படித்தான். வக்கீலை மாற்றினார், வாய்தா வாங்கினார், இழுத்தார். 2018-ல் பெரியவர் மறுபடி கூண்டேறினார். மீதிப் பணம் எப்போதும் தயாராக இருந்ததா என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கிறவர் அதைக் காட்டியாக வேண்டும். மஞ்சப்பையிலிருந்து பாஸ் புத்தகத்தை எடுத்தார். 2010-லிருந்து அந்தக் கணக்கில் இரண்டு லட்சம் குறையாமல் இருந்தது. மகள் பிரசவத்துக்கு, தன் கண் ஆபரேஷனுக்கு எல்லாம் வெளியே கடன் வாங்கியிருக்கிறார், அந்தப் பணத்தைத் தொடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

2019 தை மாதம் அவர் தவறிவிட்டார். வாதி இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு அற்றுப்போகும். காரியம் முடிந்த மறுவாரமே போன் செய்து மகளை வரச் சொன்னேன். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு அதே மஞ்சப்பையோடு வந்தாள். "அப்பா சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிகூட வாய்தா தேதி என்னைக்குன்னு கேட்டாருங்க அக்கா" என்றாள்.

2022-ல் தீர்ப்பு. இரண்டு மாதத்துக்குள் மீதி இரண்டு லட்சத்தைக் கோர்ட்டில் கட்ட வேண்டும், பிரதிவாதி கிரயம் செய்து தர வேண்டும். பாஸ் புத்தகத்தில் இருந்த அதே பணத்தை அவள் கட்டினாள். பிரதிவாதி கையெழுத்துப் போட வரவில்லை. நிறைவேற்று மனு போட்டோம். தீர்ப்புக் கடனாளி (தீர்ப்புப்படி நடக்க வேண்டியவர்) வராவிட்டால் அவருக்குப் பதிலாகக் கோர்ட்டே கையெழுத்துப் போடும் என்று கட்டளை 21 விதி 34 சொல்கிறது. வரைவுப் பத்திரத்தை நான்தான் அடித்தேன். 2023 ஆடி முடிந்து ஆவணியில் பழனி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. விற்பவர் என்ற இடத்தில் கோர்ட் சார்பில் வந்த அலுவலர் கையெழுத்துப் போட்டார். வாங்குபவர் இடத்தில் அவள்.

வெளியே வந்து, பத்திரத்தை வாங்கிப் பையில் வைக்கப் போனவள், நின்று முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். "அப்பா பேரு எங்கீங்கக்கா இருக்கு?" என்று கேட்டாள். மூன்றாவது பக்கத்தைத் திருப்பி, முந்தைய விவரங்கள் வரும் இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். அங்கேயே படியில் உட்கார்ந்து அந்தப் பத்தியை முழுசாகப் படித்தாள்.